அடுப்பில்லாத பேரீச்சம்பழ உருண்டை: ஏன் வறட்டியாகிப் போகிறது?

வடலி (கோண்டாவில்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பேராதனையில் படிக்கும் என் மகள் சென்ற வருடத்திலிருந்து பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. விடுமுறைக்கு வரும் பிள்ளைக்குத் தேநீரோடு கடிக்க எதையாவது கொடுக்கவேண்டுமே என்று யோசித்தால், எண்ணெயில் பொரித்ததையும் அவள் ஒதுக்கிவிடுவாள் என்பதால், என் கைக்குப் பழகிய பலகாரங்களில் பாதி அங்கேயே கழிந்துவிட்டது. "பேரீச்சம்பழத்தையும் கச்சானையும் (நிலக்கடலை) சேர்த்து அரைத்து உருட்டினால் போதும் அம்மா, அடுப்பே தேவையில்லை" என்று அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். இவ்வளவு சுலபமான ஒன்றையா இத்தனை நாளும் செய்யாமல் இருந்தோம் என்று நானும் இறங்கிவிட்டேன்.

250 கிராம் பேரீச்சம்பழத்தை விதை நீக்கி, நன்றாக இளகட்டும் என்று கொதிநீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்தேன். கச்சானை 200 கிராம் எடுத்துத் தாச்சியில் இன்னொரு தரம் சூடுகாட்டி, சூட்டோடு சூடாகக் கிறைண்டரில் போட்டு அரைத்தேன். அதோடு பழத்தையும் சேர்த்து அரைத்தபோது களிபோல ஒன்று வந்தது. உருட்டினால் உள்ளங்கையை விட்டு வர மறுத்தது, மேற்பரப்பில் எண்ணெய் மினுங்கியது. எப்படியோ உருட்டித் தட்டில் அடுக்கினேன். காலையில் பார்த்தால் எல்லாம் சரிந்து வறட்டிபோலத் தட்டையாகக் கிடந்தன. மூடிவைத்த போத்தலை நாலாம் நாள் திறந்தபோது கள்ளின் வாசம் அடித்தது. இது கார்த்திகை மழைக்காலத்தில் நடந்தது.

எங்கே பிழைத்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மார்கழி விடுமுறைக்கு இன்னும் மூன்று கிழமைகள்தான் இருக்கின்றன.

—

சுளகு (சாவகச்சேரி) எழுதியது:

வடலி அக்கா, பொருளிலும் அளவிலும் பெரிய பிழை இல்லை. பிழை முழுவதும் அந்தக் கொதிநீரில் இருக்கிறது. பேரீச்சம்பழம் காய்ந்ததாகத் தெரிந்தாலும் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீர் ஏற்கெனவே இருக்கிறது. உருண்டை பிடிப்பதற்கு அந்த நீரே போதும். அதற்குமேல் அரை மணித்தியாலம் ஊறிய பழம் எவ்வளவு நீரைக் குடித்திருக்கும் என்று ஊறவைக்கும் முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பாருங்கள், நீங்களே திடுக்கிடுவீர்கள்.

பழம் மிகவும் காய்ந்து கட்டையாக இருந்தால் இப்படிச் செய்யலாம். நீத்துப்பெட்டியிலோ இட்டலிச் சட்டியிலோ இரண்டு மூன்று நிமிடங்கள் ஆவி காட்டி, எடுத்துத் துணியில் பரவி ஆறவிட்டு, பிறகு கையால் பிசைய வேண்டும். (அடுப்பில்லாத உருண்டைக்கு ஆவி எதற்கு என்று சண்டைக்கு வராதீர்கள். மெதுமெதுப்பான பழமாக இருந்தால் இதுவும் வேண்டாம்.) பிசையும்போது விரலுக்குத் தெரியாத விதை எதுவும் இல்லை. நான் ஒரு தடவை விதை நீக்கியது என்று எழுதியிருந்த பைக்கற்றை நம்பி அப்படியே கிறைண்டரில் கொட்டினேன். அதற்குள் இரண்டு விதைகள் இருந்தன. அலகு வளைந்ததுதான் மிச்சம். அதன் பிறகு ஒவ்வொரு பழத்தையும் பிளந்து பார்க்காமல் போடுவதில்லை. பிளந்து பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சில பழங்களின் உட்புறத்தில் கரும்பொடியாக ஏதாவது இருக்கும், சிலவற்றில் பூச்சி இருந்த அடையாளம் இருக்கும். அவற்றை எறிந்துவிடலாம்.

என்னுடைய அளவு: விதை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், வறுத்துத் தோல் புடைத்த கச்சான் 150 கிராம், வறுத்த எள்ளு 50 கிராம், வேர்க்கொம்புத் (சுக்கு) தூள் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள். உப்பில்லாத உருண்டை வெறும் இனிப்பாகத் திகட்டிவிடும். இதில் 20 கிராம் உருண்டைகள் 20 வரும்.

—

அரிதட்டு (திருநெல்வேலி) எழுதியது:

சுளகு சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டாவது பிழையை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கச்சானின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி எண்ணெய். அதைச் சூடாக இருக்கும்போதே அரைத்தால் எண்ணெய் விரைவாகப் பிரிந்து வெளியே வந்துவிடும். பிரிந்த எண்ணெய் பழத்தின் மேல் படலமாகப் படிந்தால் பழத்தின் ஒட்டுந்தன்மை வேலை செய்யாது. வடலி அக்காவின் கலவை உருண்டையாக நில்லாமல் உள்ளங்கையில் மட்டும் ஒட்டிக்கொண்டது இதனால்தான். நீர் ஒரு பக்கம் இளக்க, எண்ணெய் மறுபக்கம் வழுக்க, நடுவில் சேர்த்துப் பிடிக்க எதுவும் இருக்கவில்லை.

ஆகவே கச்சானை முற்றாக ஆறவைத்து, விட்டுவிட்டு அரையுங்கள். ஐந்து விநாடி ஓடவிட்டு நிறுத்தி, மூடியைத் திறந்து கரண்டியால் கிளறி, மறுபடியும் ஐந்து விநாடி. ரவையைவிடச் சற்றுப் பெரிய குறுணியாக வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். பல்லில் கடிபடும் துண்டுகள் இருந்தால்தான் உருண்டைக்கு எலும்புக்கூடுபோல ஒரு பிடிமானம் கிடைக்கும். மாவாக அரைத்தால் நீங்கள் செய்தது கச்சான் வெண்ணெய்.

கள்ளின் வாசத்துக்கும் காரணம் உண்டு. காய்ந்த பழம் கெடாமல் இருப்பது அதில் நீரே இல்லை என்பதனால் அல்ல. இருக்கிற நீரைச் சீனி இறுகப் பிடித்து வைத்திருப்பதனால் நுண்ணுயிர்களுக்கு அது கிடைப்பதில்லை. நாம் வெளியிலிருந்து நீரை ஊற்றும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. மதுவம் என்ற நுண்ணுயிர் (நம் ஊரில் பனங்கள்ளைப் பொங்கவைப்பதும் இந்த இனந்தான்) அந்தச் சீனியைத் தின்னத் தொடங்கிவிடும். மழைக்காலம் வேறு. மென்மையான பேரீச்சம்பழ வகைகளில் உள்ள சீனி பெரும்பாலும் குளுக்கோசும் புருக்ரோசுமாக இருப்பதால், அது காற்றிலுள்ள ஈரத்தையும் தானாகவே இழுத்துக்கொள்ளும். கார்த்திகையில் மூடாமல் வைத்த உருண்டை மாலைக்குள் பிசுபிசுக்கும், பங்குனியில் அதே உருண்டை வெடிக்கும்.

—

மாரிக்கிளி (மானிப்பாய்) எழுதியது:

கிறைண்டரைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். 2022 ஆம் ஆண்டு பங்குனி, சித்திரை மாதங்களில் மின்சாரம் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நின்றதும், எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும் மறந்துவிட்டதா? நான் இந்த உருண்டையைக் கற்றுக்கொண்டதே அந்த நாட்களில்தான். அடுப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், கொல்லைப்புறத்தில் குப்புறக் கிடந்த அம்மம்மாவின் உரலை நிமிர்த்திக் கழுவினால் போதும். அடுப்பு எரியாத வீட்டில் கச்சானை வறுக்க முடியாது என்பதால் வறுத்த கச்சானைக் கடையில் வாங்கினேன். உரலில் இடித்தால் எண்ணெய் மெதுவாகத்தான் கசியும், சூடேறாது, குறுணியும் ஒரே அளவில் இராது. அரிதட்டுத் தம்பி சொல்லும் எலும்புக்கூடு தானாக வந்து சேரும்.

கச்சானை முதலில் இடித்து எடுத்துவிட்டுப் பழத்தைப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் உலக்கையின் பூணில் பழம் அப்பிக்கொண்டு கச்சான் அடியில் முழுசாகக் கிடக்கும். உரல் இல்லாதவர்கள் அம்மியில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாலும் சரிவரும்.

—

வேலணை ஒடியல் (வேலணை) எழுதியது:

பிள்ளைகள் எல்லோரும் ஏதோ புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தது போல எழுதுகிறீர்கள். எள்ளை வறுத்து, பனங்கட்டியைப் போட்டு, எண்ணெய் கசியக் கசிய உரலில் இடித்து, அந்த எண்ணெய் ஈரத்திலேயே பிடிக்கும் எள்ளுருண்டை உங்கள் வீட்டில் இருந்ததில்லையா? அதில் பால் இல்லை, நெய் இல்லை, தேன் இல்லை. வறுப்பதைத் தவிர அடுப்பில் எந்த வேலையும் இல்லை. பாகு காய்ச்சுவதுமில்லை. அதன் உறவுக்காரிதான் இந்தப் பேரீச்சம்பழ உருண்டை. பனங்கட்டி செய்த வேலையைப் பேரீச்சம்பழம் செய்கிறது, அவ்வளவுதான்.

இறக்குமதிப் பழத்தைத்தான் போடவேண்டுமா என்பது என்னுடைய கேள்வி. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழுந்து வளவெல்லாம் கிடக்கும். அந்தக் களியைப் பிழிந்து வடித்து, பாயில் பரவி வெயிலில் காயவிட்டு, காய்ந்த படையின் மேல் அடுத்த நாள் இன்னொரு படை ஊற்றி, இப்படி நாட்கணக்காகக் காயவைத்து எடுத்த பனாட்டைவிட ஒட்டுகிற உலர்பழம் உலகத்தில் எது? என் தாயார் அதைப் பனம்பாணியில் ஊறவைத்துப் பாணிப்பனாட்டாகப் பானையில் வைத்திருப்பார். பஞ்ச காலத்துக்கு வைத்த சேமிப்பு அது. இன்றைக்குப் பனாட்டுக்கு மதிப்பில்லை, பேரீச்சம்பழத்துக்கு மதிப்பு.

—

சுளகு எழுதியது:

ஐயா, பனாட்டு எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் ஒரு காறல் இருக்கிறதே. பேரீச்சம்பழத்துக்குப் பதிலாக முழுவதும் பனாட்டைப் போட்டு ஒரு முறை செய்து பார்த்தேன். என் இரண்டு மகன்மாரும் ஆளுக்கொரு கடி கடித்துவிட்டு நாய்க்குப் போட்டார்கள். நாயும் முகர்ந்துவிட்டுத் திரும்பி நடந்தது.

—

அரிதட்டு எழுதியது:

அந்தக் காறல் பனம்பழக் களியில் உள்ள பிளபெலிபெரின் என்ற சேர்மத்தால் வருவது. நம் நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் அதன் அளவு வேறுபடும். ஐயா போன்றவர்களின் வீடுகளில் எந்தப் பனையின் பழத்தைப் பனாட்டுக்கு எடுப்பது, எதை மாட்டுக்கு விடுவது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். நமக்கு அந்த அறிவு போய்விட்டது, கடையில் கிடைப்பதை வாங்குகிறோம்.

முழுவதும் பனாட்டாகப் போடாமல், பழத்தின் நாலிலொரு பங்கை மட்டும் பனாட்டாகப் போட்டால் காறல் அடிநாக்கில் மெல்லியதாகத் தெரியும், அது இனிப்பின் திகட்டலை வெட்டும். கறுப்பு எள்ளோடு அது நன்றாகவே இணைகிறது. பனாட்டைக் கத்தரிக்கோலால் நூல்போல வெட்டுங்கள். கத்தரிக்கோலை இடைக்கிடை ஈரத்துணியில் துடைக்காவிட்டால் வெட்டாது, மென்றுதான் எடுக்கும். வெட்டியதைப் பழத்தோடு சேர்த்து ஆவி காட்டினால் இரண்டும் ஒன்றாக மசியும்.

—

வேலணை ஒடியல் எழுதியது:

நாலிலொரு பங்கு என்கிறீர்கள். சரி, அதாவது உள்ளே வந்ததே.

இன்னொன்றும் கேட்க இருந்தேன். நாங்கள் சைவம் என்றால் மச்சம் மாமிசம் இல்லாதது என்றுதான் விளங்கியிருந்தோம். பிள்ளையாருக்குப் பாலும் தேனும் சொரிந்துவிட்டு அதையே பிரசாதமாக வாங்குகிறோம். தேனைக்கூட விலக்குவதற்கு என்ன பெயர்? தேனீ தானாகச் சேர்த்து வைத்ததை எடுப்பதில் என்ன பாவம் வந்தது?

—

வடலி எழுதியது:

ஐயா, நானும் இதைத்தான் மகளிடம் கேட்டேன். அவளுடைய கணக்கில் பால் கன்றுக்கு உரியது, தேன் தேனீக்கு உரியது. உயிரிலிருந்து எடுக்கும் எதுவும் வேண்டாம் என்பதே அவளுடைய நிலை. ஆங்கிலத்தில் வீகன் என்பதைத் தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்களாம். நான் அதோடு வாதாடப் போகவில்லை. பிள்ளை மச்சம் தின்னப் பழகிவிட்டது என்று வந்து சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. கோயிலில் கிடைக்கும் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், பேரீச்சம்பழம், பிளம்ஸ், சர்க்கரை எல்லாம் சமைக்காமல்தான் சேர்கின்றன. தேனையும் நெய்யையும் எடுத்துவிட்டு, வாழைப்பழத்தை உலர்த்திப் போட்டால் அது கிட்டத்தட்ட இந்த உருண்டையேதான். நீர்வேலியில் இதரை வாழைக்குலை மலிவாகக் கிடைக்கும் நாட்களில் பழத்தை நீளவாக்கில் நாலாகக் கீறி வெயிலில் காயவைத்தால் என்ன என்று தோன்றுகிறது. யாராவது செய்து பார்த்ததுண்டா?

—

மாரிக்கிளி எழுதியது:

செய்து பார்த்தேன் அக்கா. சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று நாளில் தோல்போல ஆகிவிடும். இலையான் மொய்க்காமல் மேலே நுளம்புவலைத் துணியைக் கட்டவேண்டும், பொழுது சாய முன்னர் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி பட்டால் அடுத்த நாள் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகப் பழுத்த பழத்தை எடுக்காதீர்கள், வழிந்துவிடும்; தோலில் பச்சை முழுதும் மாறி, கையால் அழுத்தினால் இறுக்கம் இருக்கும் பதந்தான் சரி. மாரியில் இதை நினைத்தே பார்க்காதீர்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் இப்படிக் காயவைத்தேன். உருண்டைக்குப் போவதற்கு முன்னரே வீட்டில் தீர்ந்துவிட்டது.

—

மருந்துப்பெட்டி (கொக்குவில்) எழுதியது:

நான் தாதி உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். உருண்டையின் சுவையைப் பற்றி நீங்கள் எழுதுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் "சீனி சேர்க்காதது" என்று சொல்லிச் சலரோகக்காரருக்குத் தாராளமாகக் கொடுப்பதை என் கண்ணாலேயே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனிதான். சுளகு கொடுத்த அளவில், 20 கிராம் உருண்டை ஒன்றில் ஆறு, ஏழு கிராம் சீனி வரும். ஒன்றரைத் தேக்கரண்டிக்குச் சமம். சத்தும் ஏறத்தாழ 85 கலோரி. ஒன்று தின்பது வேறு, தொலைக்காட்சிக்கு முன்னால் ஆறு தின்பது வேறு. நாருடனும் எண்ணெயுடனும் சேர்ந்து போவதால் வெறும் சீனிபோல உடனே ஏறாது என்பது உண்மை, ஆனால் ஏறாது என்பது உண்மையல்ல.

கச்சானைப் பற்றியும் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் ஈரமான சாக்கில் கிடந்த கச்சானில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் விடும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைப் பாதிப்பது, வறுத்தாலும் முற்றாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் இடிக்காமல் பொறுக்கி எறியுங்கள். "ஒன்றிரண்டுதானே" என்று விடாதீர்கள், அரைத்த பிறகு எதையும் பிரிக்க முடியாது.

சிறு பிள்ளைகளுக்கு முழு உருண்டையைக் கையில் கொடுக்கவேண்டாம். ஒட்டும், உருண்டையாகவும் இருக்கும், தொண்டையில் அடைக்க இரண்டும் போதும். நாலு வயதுக்குக் கீழே இருந்தால் மெல்லியதாகத் தட்டிக் கிள்ளிக் கிள்ளிக் கொடுங்கள், கச்சானையும் மாவாக அரைத்தே போடுங்கள். கச்சானும் எள்ளும் சிலருக்கு ஒவ்வாமல் உடல் தடித்து மூச்சுத் திணறச் செய்யும் என்பதால், அயலட்டைக்குக் கொடுத்துவிடும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லிக் கொடுப்பது நல்லது.

இதெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. தோலோடு உள்ள எள்ளு 100 கிராமில் ஏறத்தாழ 975 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. பால் குடிக்காத பிள்ளைக்கு வடலி எள்ளைக் கூட்டிப் போடுவதில் எனக்கு முழுச் சம்மதம். அது முழுவதும் உடம்பில் சேராது, எள்ளின் தோலில் உள்ள ஒக்சலேற்று கொஞ்சத்தைத் தடுத்துவிடும். முழு எள்ளாக விழுங்கினால் அது வந்தபடியே போகும் என்பதால், எள்ளை மட்டுமாவது நன்றாக இடியுங்கள்.

—

ரொறன்ரோப் பனை (ரொறன்ரோ) எழுதியது:

இங்கே பனி கொட்டும் நாட்களில் பிள்ளைகளின் பாடசாலைப் பையில் போட்டுவிட இதைத்தான் செய்கிறேன். ஆனால் பல பாடசாலைகளில் கச்சானுக்குத் தடை என்பதால் பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் போடுகிறேன். பூசணி விதை பச்சை நிறத்தில் கடிபட்டு நன்றாகவே இருக்கிறது. ஊரில் பூசணிக்காய் கறிக்கு வெட்டும்போது விதையை எறிந்துவிடுகிறோமே என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், ஆனால் அந்த விதையைக் காயவைத்துத் தோலுரிக்க உட்கார்ந்தால் அரைநாள் போய்விடும்.

மெட்ஜூல் என்ற பெரிய வகை இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. விதை நீக்கிய பழம் ஒன்று ஏறத்தாழ 24 கிராம் வரும் என்பதால், சுளகு சொன்ன 200 கிராமுக்கு எட்டு, ஒன்பது பழம் போதும். அதற்கு ஆவியும் வேண்டாம், கையால் பிசைந்தாலே குழைந்துவிடும். வெட்டிய துண்டுகளாக விற்கும் பேரீச்சம்பழத்தை மட்டும் வாங்காதீர்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அவற்றில் மா தூவியிருப்பார்கள், உருண்டை உதிரும். உலர்ந்த அப்ரிகொட் பழமும் போடலாம். பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் இருப்பது கந்தக வாயுவால் பதப்படுத்தியது. இழுப்பு உள்ளவர்களுக்கு அது சில வேளை ஒத்துக்கொள்ளாது. கபில நிறத்தில், பார்க்க அழகில்லாமல் இருப்பதே கந்தகம் படாதது.

வடலி அக்காவுக்கு ஒரு கேள்வி: தேங்காய்ப்பூவில் பிரட்டி எடுக்கவில்லையா? படங்களில் எல்லாம் வெள்ளையாக இருக்கிறதே?

—

சுளகு எழுதியது:

பச்சைத் தேங்காய்ப்பூவில் பிரட்டினால் எங்கள் வெக்கைக்கு அடுத்த நாளே ஊசிப்போகும், தங்கச்சி. தாச்சியில் குறைந்த நெருப்பில் ஈரம் போகும்வரை வறுத்தெடுத்த தேங்காய்ப்பூவாக இருந்தால் சரி. பிசுபிசுப்பு மிஞ்சிப்போனால் தேங்காய்ப்பூவை நம்பாமல் வறுத்த உழுத்தம்மா இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். எள்ளுப்பாகுக்குப் போடும் அதே மாதான். ஈரத்தையும் எண்ணெயையும் ஒருசேரக் குடித்துக்கொள்ளும், மணமும் தூக்கும். பச்சை மாவைத் தப்பித்தவறியும் போடாதீர்கள், வேகாத மா வயிற்றைக் குழப்பும்.

—

வடலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டாந்தரம் செய்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பேரீச்சம்பழம் 150 கிராம், ஐயாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காகப் பனாட்டு 50 கிராம். பனாட்டை நூலாக வெட்டுவதற்குள் பெருவிரல் கன்றிவிட்டது. இரண்டையும் நீத்துப்பெட்டியில் மூன்று நிமிடம் வைத்து, ஆறவிட்டுப் பிசைந்தேன். பிசைகையில் ஒரு விதை அகப்பட்டது, கிறைண்டர் தப்பியது. எள்ளைக் கழுவி அரிக்கன்சட்டியில் அரித்துக் கல் நீக்கி, துணியில் காயப்போட்டு, தாச்சியில் வறுத்தேன். முதல் எள்ளு வெடித்துத் துள்ளியதும் நெருப்பைக் குறைத்து, கைக்குள் எடுத்து நசுக்கினால் பொடியாகும் பதத்தில் இறக்கினேன். கச்சான் முற்றாக ஆறிய பிறகு மாரிக்கிளியின் சொல்லைக் கேட்டு உரலில் இடித்தேன்.

உருட்டியபோதே வித்தியாசம் தெரிந்தது. கலவையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் விரல்களின் அச்சு அப்படியே நின்றது, உள்ளங்கை மட்டும் லேசாக மினுங்கியது. 20 உருண்டை பிடிக்க எனக்குக் கால் மணித்தியாலந்தான் சென்றது. இரவு முழுதும் தட்டில் வைத்தும் ஒன்றுகூடச் சரியவில்லை.

ஆனால் ஒரு குறை. இரண்டாவது உருண்டையைக் கடித்தபோது பல்லில் நறுக்கென்று மணல். எள்ளை அத்தனை கவனமாக அரித்த நான், திருவிழாக் கடையில் வாங்கி மிஞ்சியிருந்த கச்சானை அப்படியே இடித்திருக்கிறேன். மணலில் வறுத்த கச்சான் அது. கோதை உடைக்கும்போது கையில் ஒட்டிய மணல் பருப்போடு போய்விட்டது. நல்லூர்த் திருவிழாவில் வாங்கிக் கொறிக்கும்போது ஊதிவிட்டு வாயில் போடுவதால் அது நமக்குத் தெரிவதில்லை.

—

மாரிக்கிளி எழுதியது:

கோதை உடைப்பதற்கு முன்னரே கச்சானைச் சாக்குத்துண்டில் போட்டு உருட்டித் துடைத்துவிட வேண்டும், அக்கா. உடைத்த பிறகு சுளகில் புடைத்தால் தோல் பறக்கும், ஆனால் மணல் பருப்போடுதான் நிற்கும். அரிதட்டில் அரித்தால் மணல் கீழே விழும். பச்சைக் கச்சானை வாங்கி வீட்டிலேயே தாச்சியில் வறுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

—

அரிதட்டு எழுதியது:

என் பெயரை ஒருவராவது ஒழுங்காகப் பயன்படுத்தினீர்களே.

வடலி அக்கா, வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நீர் எதுவும் ஊற்றாததால் இறுக்கமான மூடியுள்ள போத்தலில் வெளியிலேயே ஒரு கிழமை இருக்கும், குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாலு கிழமைகள் இருக்கும். முதலில் கெடப்போவது பழம் அல்ல, கச்சான் எண்ணெய். பழைய பெயின்ற் போன்ற காறல் மணம் வந்தால் அதுதான் அடையாளம். பேராதனைக்குக் கொடுத்துவிடுவதானால் ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் சுற்றி ரின்னில் அடுக்குங்கள். புகையிரதத்தில் போகும்போது வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

—

வேலணை ஒடியல் எழுதியது:

மணலைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். பனாட்டுப் போட்டது எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

—

வடலி எழுதியது:

மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. மகள் இன்று விடியற்காலைதான் வந்து சேர்ந்தாள். மணல் இல்லாத புதுக் கச்சானில் மூன்றாந்தரம் பிடித்ததைத் தேநீரோடு வைத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு, "இதில் என்னம்மா கடைசியில் லேசாகக் கசக்கிறது?" என்று கேட்டாள். பனாட்டு என்றேன். இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு போனாள். விடுதிக்குக் கொண்டுபோக 40 உருண்டை வேண்டுமாம், அதில் பாதி பனாட்டுப் போட்டதாக இருக்கவேண்டுமாம். என்னிடம் இருந்த பனாட்டு தீர்ந்துவிட்டது. உங்கள் பக்கத்தில் காறல் குறைந்த நல்ல பனாட்டு செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை வேலணைக்கு வருகிறேன்.